சுத்தம்மாவின் உப்புத்தண்ணீர்த் தொட்டி

ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சுத்தம்மா என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பாள். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு நீள அறையில் அவளுக்கு வேலை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ரத்தமும் சதையுமாக வந்து விழும் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, தேய்த்து, துடைத்து, பொட்டலம் கட்டி, நீராவிக் கொப்பரைக்குள் தள்ள வேண்டும். ஒரு கிருமிகூட உயிரோடு இல்லை என்று உறுதியான பிறகுதான் மேலே அனுப்பலாம். இருபத்தாறு வருஷமாக இதைத்தான் செய்துவந்தாள்.

பிழைத்து எழுந்தவர்கள் டாக்டரைத் தெய்வம் என்பார்கள். நர்சின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். கத்தியை வேகவைத்தவளைத் தேடிக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கி வந்தவர் ஒருவரும் இல்லை. அதில் அவளுக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது கலப்படமில்லாத பொய். வருத்தம் இருந்தது, கொஞ்சம். யாரிடமும் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை.

வீட்டிலும் அவள் ராஜ்ஜியம்தான். கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஐம்பது பிள்ளைகளின் தும்மலையும் சுமந்துகொண்டு வருகிற மனிதர் என்பதால், வாசலிலேயே முழங்கை வரைக்கும் சோப்புப் போட்ட பிறகுதான் உள்ளே அனுமதி. டி.வி. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை. கதவுக் கைப்பிடிக்குக் காலையில் ஒரு துடைப்பு, மாலையில் ஒரு துடைப்பு. "கல்யாணத்தன்னிக்கே என்னையும் வேகவெச்சு எடுத்திருப்பா. கொப்பரைல ஆள் நுழையலன்னு விட்டுட்டா" என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஒரே மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபின் வீட்டில் அழுக்குப் பண்ண ஆள் குறைந்துபோயிற்று. துடைப்பது மட்டும் குறையவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு பலவீனம் இருந்தது. வெளிநோயாளிகள் கூடத்தின் சுவரில் பதித்திருந்த கண்ணாடித் தொட்டி. கடல் தண்ணீர்த் தொட்டி அது. அதற்குள் கறுப்பும் சிவப்பும் பூசிய பாறைத் துண்டுகள், ஒரு கல்லின்மேல் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காளான் மாதிரி விரிந்திருந்த ஒரு பவளம், அந்தப் பவளத்தையே மெத்தையாக்கிக்கொண்டு வாழ்ந்த ஒரே ஒரு கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டியைப் பராமரிக்க வரும் மீன்காரர் அதற்கு 'மேடம்' என்று பெயர் வைத்திருந்தார். ஜோடி செத்துப் பல வருஷம் ஆகிவிட்டதாம். அதற்குப் பிறகு எந்த மீனை விட்டாலும் கடித்துத் துரத்திவிடுமாம்.

தினமும் பத்தரை மணி இடைவேளையில் சுத்தம்மா டீயைக் கேன்டீனிலேயே குடித்து முடித்து, பச்சைத் தொப்பியும் முகமூடியுமாக மேலே வருவாள். இருமலும் காய்ச்சலும் கூடியிருக்கிற இடத்தில் முகமூடியை இறக்குவாளா அவள்? கண் மட்டும்தான் வெளியே தெரியும். தொட்டிக்கு மேலே இருந்த டப்பாவிலிருந்து இரை எடுத்து, தியேட்டரில் கழித்துப்போட்ட ஓர் இடுக்கியால் நீட்டுவாள். அவள் கூடத்துக்குள் கால் வைத்ததுமே மேடம் பவளத்தை விட்டுக் கண்ணாடிக்கு ஓடி வந்துவிடும். காவலாளி வந்தாலும் டாக்டர் வந்தாலும் அது அசையாது. அந்தப் பெரிய கட்டடத்தில் அவளை அடையாளம் கண்டு ஓடிவருகிற ஒரே உயிர் அதுதான். பதினோரு வருஷமாக அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் அவள் மாடிப்படி ஏறினாள்.

ஒருநாள் அவள் வந்தபோது மேனேஜர் ஒரு கான்ட்ராக்டரோடு நின்று சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசம் பத்தாம் தேதி இதை இடிச்சிடலாம். இங்கதான் டோக்கன் கவுன்ட்டர்."

"சார், மீன்?" என்றாள் சுத்தம்மா.

"என்ன மீன்?" என்றார் மேனேஜர். அவர் பார்த்துக்கொண்டிருந்தது சுவரை மட்டும்தான்.

அன்றைக்கே மீன்காரருக்குப் போன் போட்டாள். அவர் சுற்றிவளைக்காமல் சொன்னார். "பதினாலு வயசு மீனை யாரும் வாங்க மாட்டாங்கக்கா. என் கடைல விட்டா மத்ததையெல்லாம் கடிச்சே கொன்னுடும். அந்தப் பவளமும் பெருசு, என் தொட்டில இடமே இல்ல. பாவம்தான். என்ன பண்றது, சொல்லுங்க."

"நான் வளர்க்கறேன்."

"விளையாடாதீங்கக்கா. நல்ல தண்ணி மீனே வளர்க்காத ஆளு நீங்க. இது கடல்."

"நாற்பது நாள் இருக்கு தம்பி. என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க."

அவள் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் ஒரு பட்டியல் சொன்னார், இவள் எழுதிக்கொண்டாள்.

வீட்டில் மகள் படித்த மேஜை இருந்த மூலைதான் தோது. வெயில் நேராக விழாது, பிளக் பாயின்ட் பக்கத்தில் இருக்கிறது, தூண் ஓரம். கணவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "நூத்தம்பது கிலோ நிக்கும்கறே. கீழ் வீட்டுக்காரர் சோபால உக்காந்திருக்கும்போது மீன் அவர் மடியில விழுந்தா நான் பொறுப்பில்ல." சொன்னாரே தவிர, இரும்பு ஸ்டாண்டைத் தூக்கி வந்ததும் அவர்தான், நான்கு காலும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய தம்ளரை வைத்து வைத்துப் பார்த்ததும் அவர்தான். பஸ் டயருக்குக்கூட அவ்வளவு குனிந்திருக்க மாட்டார்.

தண்ணீர் விஷயத்தில் சுத்தம்மா மீன்காரருக்கே பாடம் எடுத்தாள். கொப்பரைக்கு ஊற்றுகிற தண்ணீரில் ஒரு துளி உப்பு இருந்தாலும் கத்தியில் கறை படியும் என்பதால், தண்ணீரின் தரத்தை அளந்து அளந்து பழகிய கை. வடிகட்டி எடுத்த தண்ணீரை நூற்றிருபது லிட்டர் பிடித்தாள். மீட்டர் பூஜ்யம் காட்டுகிற வரை விடவில்லை. அதில் கடல் உப்பை லிட்டர் கணக்குப்படி நிறுத்துக் கொட்டி, ஒரு பகல் முழுக்கப் பம்ப்பைச் சுழலவிட்டுக் கரைத்தாள். சூடேற்றும் கருவி இருபத்தாறு டிகிரியில் நின்றது. விளக்கு எரிந்தது. அலைக்கான சின்ன விசிறி வேலை செய்தது. எல்லாம் அவள் கைக்குள் அடங்குகிற விஷயங்கள். இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு.

இனிமேல்தான் வினை.

மீன்காரர் ஆஸ்பத்திரித் தொட்டியிலிருந்து, பவளம் ஒட்டியிருந்த கல் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்ற பாறைகளையெல்லாம் எடுத்து இரண்டு வாளிகளில் பழைய தண்ணீரோடு கொடுத்தார். "காயவிடாம அப்படியே கொண்டுபோய் உங்க தொட்டில வெச்சிடுங்கக்கா. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்" என்றார். இன்னொரு இடத்தில் வேலை என்று கிளம்பிவிட்டார். ஏன் காயவிடக் கூடாது என்று காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. மீன் வளர்க்கிற எவருக்கும் அது தெரியும்.

சுத்தம்மா வீட்டில் வாளி மூடியைத் திறந்தாள். ஒரு வாடை. கல்லின் ஓட்டைகளிலிருந்து நூல் மாதிரி ஒரு புழு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. பழுப்பும் ஊதாவுமாக ஏதோ பூத்திருந்தது. அடியில் வண்டல். பதினோரு வருஷத்து அழுக்கு! தான் இவ்வளவு பாடுபட்டுப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த தண்ணீரில் இதை இறக்குவதா? மேடம் இனிமேல் இதிலா இருக்கும்?

அவள் யோசிக்கவே இல்லை. இருபத்தாறு வருஷத்துக் கை யோசனைக்குக் காத்திருக்காது. ஒவ்வொரு கல்லாகக் குழாயடியில் வைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தாள். சந்துபொந்தெல்லாம் ஊசியால் குடைந்தாள். பிறகு வீட்டிலிருந்த பெரிய குக்கரில் அடுக்கி, மூன்று தவணையாக, தவணைக்கு அரைமணி நேரம் நீராவியில் வேகவைத்து எடுத்தாள். வேலையிடத்தில் பொட்டலத்தின் மேல் ஒரு காகிதப் பட்டை ஒட்டுவார்கள். போதுமான சூடு ஏறினால் அதில் கோடு கறுக்கும். அதிலும் ஒரு துண்டு கொண்டுவந்து ஒட்டியிருந்தாள். கறுத்தது. நிம்மதி.

"அந்தக் குக்கர்ல இனிமே சமைக்கப் போறதில்லதானே?" என்று மட்டும் கேட்டார் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை மீன்காரர் வந்தார். வாசலிலேயே முழங்கை வரை சோப்புப் போடவைக்கப்பட்டு உள்ளே வந்தார். தொட்டி பளபளவென்று மின்னியது. வெள்ளை வெளேரென்று கற்கள். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். சுத்தம்மா பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி பக்கத்தில் நின்றாள்.

அவர் குனிந்து ஒரு கல்லை உற்றுப் பார்த்தார். "கல்லை என்னக்கா பண்ணீங்க?"

"கழுவி வேகவெச்சேன்."

"வேகவெச்சீங்களா?"

"நூத்தி இருபது டிகிரி. அரைமணி நேரம். ஒண்ணு மிச்சமில்ல தம்பி."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "கல்லுல பட்டன் பட்டனா, பூ மாதிரி ஏதாவது ஒட்டிட்டு இருந்துச்சா?"

"இல்லையே."

"தப்பிச்சீங்க. சில பவளத்துல விஷம் உண்டு. அதை வேகவெச்சு ஆவியை இழுத்திருந்தா, உங்க ஆஸ்பத்திரில நீங்களே படுத்திருப்பீங்க. கடல் கல்லை யாராவது அடுப்புல ஏத்துவாங்களாக்கா?"

கோபம் தணிந்த பிறகு விளக்கினார். மீன் தின்கிறது, கழிக்கிறது. அந்தக் கழிவு தண்ணீரில் அமோனியாவாகிறது. அது மீனுக்கு விஷம். கல்லின் ஓட்டைகளுக்குள் கோடிக்கணக்கில் குடியிருக்கிற கிருமிகள்தான் அந்த விஷத்தைத் தின்று மீனைக் காப்பாற்றுகின்றன. வாளியில் அவர் கொடுத்தனுப்பியது கல்லை இல்லை, அந்தக் கிருமிகளை. "இப்ப உங்ககிட்ட இருக்கறது வெறும் எலும்பு. அதுவும் சும்மா இருக்காது. உள்ள வெந்து செத்ததெல்லாம் அழுகி, அதுவே விஷத்தைக் கக்கும். அந்தக் கிருமியெல்லாம் முதல்லேருந்து வந்து குடியேறணும். ஆறு வாரம் ஆகும்."

பத்தாம் தேதிக்கு இன்னும் இருபத்தொன்பது நாள்.

சுத்தம்மா மேடத்தைக் காப்பாற்றக் கிளம்பி, மேடத்தின் உயிரைத் தன் கையாலேயே வேகவைத்திருக்கிறாள். அவமானம் ஒருபக்கம், அதைவிட, கண்ணாடிக்கு ஓடிவருகிற அந்த ஆரஞ்சு முகம் கண்முன் வந்து நின்றது. "வேற வழியே இல்லையா தம்பி?"

"ஒண்ணு இருக்கு. ஆனா உங்களால முடியாது."

"சொல்லுங்க முதல்ல."

மறுநாள் அவர் ஆஸ்பத்திரித் தொட்டியின் வடிகட்டிக்குள்ளிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சை எடுத்து வந்தார். அந்த வடிகட்டியை நம்பித்தான் மேடம் அங்கே இன்னும் உயிரோடு இருந்தது. அதனால் ஒரே ஒரு துண்டுதான் எடுக்க முடிந்தது. கறுப்பா பழுப்பா என்று சொல்லமுடியாத நிறம். பிசுபிசுவென்று சொட்டியது. "இதுலயும் அந்தக் கிருமி இருக்கு. இதை உங்க தொட்டிக்குள்ள பிழியணும். நல்லா, கடைசிச் சொட்டு வரைக்கும்."

"நீங்க பிழிங்க."

"நான் பிழிஞ்சிட்டுப் போயிடுவேன். நாளைக்கே நீங்க தண்ணிய மாத்திடுவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா? நீங்களே பிழிங்கக்கா."

அவள் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து கைகழுவினாள். மூடினாள். மறுபடியும் கழுவினாள். ஐந்து நிமிஷம் கழித்து வந்தவள் கையுறை கேட்கவில்லை. ஸ்பாஞ்சை இரண்டு கையாலும் வாங்கி, முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பிழிந்தாள். பழுப்பு மேகம் ஒன்று எழும்பி, பூஜ்யம் காட்டிய அந்தத் தண்ணீரை மெல்ல விழுங்கியது. வெள்ளைக் கற்கள் மறைந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை பிழிந்தாள், பிறகு இன்னொரு தடவை.

"முப்பது வருஷக் குடித்தனத்துல இப்படி ஒரு காட்சியைப் பார்ப்பேன்னு நான் நினைக்கல" என்றார் கணவர். கேலிதான், ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு காத்திருப்பு. தினமும் காலையில் ஒரு சிட்டிகை இரை போட வேண்டும். மீனுக்கு இல்லை, கிருமிக்கு. மாலையில் தண்ணீர் கொஞ்சம் எடுத்துச் சின்னக் குழாயில் ஊற்றி, மருந்து சொட்டவிட்டு நிறம் பார்க்க வேண்டும். பச்சை என்றால் அமோனியா இருக்கிறது. மஞ்சள் என்றால் இல்லை. இதில் ஒரு வேடிக்கை. அவளுடைய வேலையிடத்திலும் இப்படி ஒரு சோதனைக் குப்பி உண்டு. கொப்பரை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, கிருமி வைத்த குப்பி ஒன்றை உள்ளே வைத்து எடுப்பார்கள். ஊதாவாகவே இருந்தால் எல்லாம் செத்துவிட்டது, நல்லது. மஞ்சளாகிவிட்டால் ஏதோ பிழைத்திருக்கிறது. அன்றைய பொட்டலங்கள் அத்தனையும் திரும்ப வரவேண்டும். இருபத்தாறு வருஷமாக மஞ்சள் நிறத்தைக் கண்டால் அவளுக்குக் குலை நடுங்கும். இப்போது அதே மஞ்சளுக்குத் தவம் கிடந்தாள்.

முதல் வாரம் கரும்பச்சை. இரண்டாம் வாரம் அதைவிடக் கரும்பச்சை. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவந்தாள். அந்த விஷயத்தில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. மூன்றாம் வாரம் கண்ணாடியிலும் கல்லிலும் பழுப்புப் பாசி படர்ந்தது. மீன்காரர் படம் பார்த்துவிட்டு, "சூப்பர்க்கா, தொடாதீங்க, உயிர் வருதுன்னு அர்த்தம்" என்று செய்தி அனுப்பினார்.

தொடாமலிருப்பது லேசா? வீட்டுக்கு வந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பாசிதான். கை தன்னால் துணியைத் தேடும். ஒருநாள் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தே விட்டாள். ஓரத்தில் ஒரு விரல் அகலம், அவ்வளவு துடைத்தால் என்ன? கணவர் வந்து துணியை உருவிக்கொண்டார். மறுநாளிலிருந்து வீட்டிலிருந்த துணி, பிரஷ், ஸ்பாஞ்ச் எல்லாம் பள்ளிக்கூட பஸ்ஸின் டூல் பாக்ஸுக்குள் ஜாக்கியோடு குடியேறின. "நம்ம வீட்ல ஒரு அழுக்கு பத்து நாள் உயிரோட இருந்ததா சரித்திரம் உண்டா? பாவம், அதையாவது வாழவிடு" என்றார். அவள் சிரித்துவிட்டாள். சாவியை மட்டும் அவர் கடைசிவரை கொடுக்கவில்லை.

நான்காம் வாரம் பச்சை வெளுக்க ஆரம்பித்தது. இளம்பச்சை. இன்னும் இளசு. எட்டாம் தேதி எலுமிச்சை நிறம். ஒன்பதாம் தேதியும் அதே எலுமிச்சை. மீன்காரர் போதாது என்று தலையாட்டினார். "கொஞ்சம் இருக்கு. மேடம் ஒருவேளை தாங்கும். பவளம் தாங்காது. ரெண்டு நாள் போதும்க்கா, ரெண்டே நாள்."

பத்தாம் தேதி காலை சுத்தம்மா மேனேஜர் அறைக் கதவைத் தட்டினாள். இருபத்தாறு வருஷத்தில் அந்த அறைக்குள் அவள் வந்தது அதுவே முதல் தடவை.

"சொல்லுங்க. நீங்க எந்தப் பிரிவு?"

"கீழே, கருவி சுத்தம் பண்ற பிரிவு சார். அந்த மீன் தொட்டியை ரெண்டு நாள் கழிச்சு இடிக்கணும்."

"கான்ட்ராக்டர் ஆள் வந்து நிக்கறாங்கம்மா. ஒரு மீனுக்காக வேலையை நிறுத்தச் சொல்றீங்களா?"

"சார், போன வருஷம் உங்களுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆச்சு. அன்னிக்கு உங்க வயித்துக்குள்ள போன ஒவ்வொரு கத்தரிக்கோலும் என் கையால வேகவெச்சு அனுப்பினது. புண்ணுல சீழ் வெச்சுதா?"

அவர் தன்னையறியாமல் வயிற்றைத் தடவிக்கொண்டார். "இல்ல."

"இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் ஒண்ணும் கேட்டதில்ல சார். ரெண்டு நாள் கேக்கறேன். கூடத்துல இடிக்கறதுக்கு இன்னும் மூணு சுவர் இருக்கு."

அவள் நகரவில்லை. அவர் அவளையே பார்த்தார். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களைத்தான் பார்த்திருக்க முடியும். பிறகு போனை எடுத்து, "அந்தப் பக்கத்துச் சுவர்லேருந்து ஆரம்பிங்க" என்றார்.

பதினோராம் தேதி மாலை குழாயில் மருந்து விழுந்தது. ஐந்து நிமிஷம். மஞ்சள். சுத்தமான, பச்சையே கலக்காத மஞ்சள். இரை போட்டுவிட்டுப் பன்னிரண்டாம் தேதி காலையில் மறுபடி பார்த்தாள். மஞ்சள்தான். "ஏங்க, மஞ்சளுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் கணவர் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடிவந்தார்.

அன்று மத்தியானமே மீன்காரரின் வேனில் மேடம் வீடு வந்தது. மூடி போட்ட வாளியில் மேடம், அகலத் தொட்டியில் பழைய தண்ணீருக்குள் கல்லோடு பவளம், இரண்டையும் அணைத்துக்கொண்டு பின்னால் மீன்காரர். ஓட்டியவர் கணவர். சைக்கிள்காரர்கள் எல்லாம் முந்திக்கொண்டு போனார்கள். "பசங்களை ஏத்திட்டுப் போறப்பகூட இப்படி உருட்டினதில்ல" என்று அவரே ஒப்புக்கொண்டார்.

கதை இத்துடன் சுபம் என்றுதான் சுத்தம்மா நினைத்தாள். மேடம் நினைக்கவில்லை. வாளியிலிருந்து இறங்கியதும் நேராகப் பம்ப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இரை போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. பவளமோ இறுகச் சுருங்கி, மேலே மெழுகு பூசிய மாதிரி ஒரு படலம் போர்த்திக்கொண்டது. அதில் பாசி வேறு ஒட்டியது. உரித்துவிட்டால் என்ன என்று கேட்டதற்கு மீன்காரர் போனிலேயே கத்தினார். "கையை வெக்காதீங்க! அது தன்னைத்தானே கழுவிக்கும். நேரம் குடுங்க." மேடத்தைப் பற்றிக் கேட்டபோதுதான் அவர் குரல் மாறியது. "வயசான மீனு. நாலஞ்சு நாள் பட்டினி கிடக்கும். அதுக்கு மேல போனா கஷ்டம்க்கா."

மூன்று நாள் போயிற்று. நான்கு நாள் போயிற்று. அதே இரை, அதே இடுக்கி, லீவு போட்டுவிட்டு அதே பத்தரை மணி. சுத்தம்மா கண்ணாடிமேல் முகத்தை வைத்துக் கெஞ்சினாள். "நான்தான், பாரு. நான்தான் வந்திருக்கேன்." மேடம் இன்னும் உள்ளே தள்ளிப் போயிற்று. ஐந்தாம் நாள் அவளுக்கு அழுகை முட்டியது. இவ்வளவு பாடும் மேடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாகடிக்கத்தானா?

கணவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அதைச் சொல்லிக் குத்தமில்லம்மா. போன வருஷம் டிபன் பாக்ஸ் குடுக்க ஆஸ்பத்திரிக்கு வந்தேனே, அந்தத் தொப்பியும் முகமூடியுமா நீ எதிர்ல வந்து நின்னே. யாரோன்னு நினைச்சு, 'சுத்தம்மா எங்கங்க'ன்னு உன்கிட்டயே கேட்டேன். கட்டின புருஷனுக்கே அடையாளம் தெரியல. அது..."

அவர் முடிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். உள்ளே போய் அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது பச்சைத் தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. முகமூடி மூக்குக்கு மேல். கண் மட்டும் வெளியே. அறையின் அந்தக் கோடியிலிருந்து, ஆஸ்பத்திரிக் கூடத்தில் நடக்கிற அதே நடையில் தொட்டியை நோக்கி வந்தாள்.

பம்ப்புக்குப் பின்னால் ஆரஞ்சு நிறம் அசைந்தது. ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. மறுகணம் மேடம் பாய்ந்து வந்து கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றது. இடுக்கியை நீட்டினாள். வெடுக்கென்று பிடுங்கியது. இன்னொன்று நீட்டினாள், அதையும். சுத்தம்மா முகமூடிக்குள்ளேயே விக்கி விக்கி அழுதாள். துணி நனைந்து மூக்கோடு ஒட்டியது. கணவர் முதல் தடவையாகக் கேலி எதுவும் சொல்லாமல் அடுப்பங்கரைக்குப் போய் டீ போட்டார்.

அப்புறம் நான்கு நாள், சொந்த வீட்டின் கூடத்தில் தொப்பியும் முகமூடியுமாக நின்று இரை போட்டாள். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்கோ ஏதோ தொத்துவியாதி என்று மாடி முழுக்கச் சொல்லிவிட்டாள். சொல்லட்டும். ஐந்தாம் நாள் காலையில் பவளத்தின் மேலிருந்த மெழுகுப் படலம் ஓரத்தில் கிழிந்து, பம்ப் அலையில் தானாக உரிந்துபோயிற்று. யாரும் தேய்க்கவில்லை, யாரும் குடையவில்லை. அடியிலிருந்து புதுத் தோல் வந்தது. அதில் நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டி விரல்கள் ஒவ்வொன்றாக நீண்டன. மத்தியானத்துக்குள் மேடம் தன் பழைய மெத்தையில் புரண்டுகொண்டிருந்தது.

சுத்தம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கையால் இடுக்கியில் இரையை நீட்டிக்கொண்டே, மறுகையால் முகமூடியை மெல்லக் கீழே இறக்கினாள். முதலில் மூக்கு, பிறகு வாய், பிறகு தாடை.

மேடம் சட்டென்று பின்வாங்கியது. தொட்டியின் பாதி தூரம் போய் நின்றது. திரும்பியது. அவள் மூச்சுவிடாமல் இருந்தாள். "நான்தான்" என்றாள், சத்தமே வராமல்.

அது ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தது. கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தது. இடுக்கி நுனியிலிருந்த இரையை வாங்கிக்கொண்டது. விழுங்கிய பிறகும் போகாமல், அவள் முகத்துக்கு நேரே கண்ணாடியோரம் அப்படியே நின்றது.

அவள் கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்தாள். எதிர்ப்பக்கம் அதுவும் முட்டிக்கொண்டு நின்றது. கண்ணாடியில் மூக்கும் வாயும் பட்ட இடத்தில் ஆவி படிந்து, அச்சு விழுந்து, அழுக்காகிவிட்டது. கணவர் ஒரு துணியைக் கொண்டுவந்து நீட்டினார். சுத்தம்மா அதை வாங்கவில்லை.